ஏ-எண் எங்கே இருக்கிறது? அமெரிக்கக் குடிவரவு ஆவணங்களைப் படிக்கும் முறை

அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறியவர்களும், அதற்கான விண்ணப்பத்தைத் தொடங்கியிருப்பவர்களும் எந்தப் படிவத்தைத் திறந்தாலும் முதல் பக்கத்திலேயே ‘ஏ-நம்பர்’ என்று ஒரு கட்டம் காத்திருக்கும். கையில் ஒரு கோப்பு நிறையத் தாள்கள் இருக்கும். ஒவ்வொரு தாளிலும் நான்கைந்து எண்கள் இருக்கும். ஆனால் அவற்றில் பலவற்றில் ‘ஏ-நம்பர்’ என்ற பெயரே இருக்காது. கிரீன் கார்டில் அதே எண்ணுக்கு ‘யூஎஸ்சிஐஎஸ் நம்பர்’ என்று பெயர் (யூஎஸ்சிஐஎஸ் என்பது அமெரிக்கக் குடியுரிமை, குடிவரவுச் சேவைத் துறையின் ஆங்கிலச் சுருக்கம்). குடியேற்ற விசாவில் ‘ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்’. குடிவரவு நீதிமன்றத்தின் தாள்களில் ‘ஃபைல் நம்பர்’. ஆகவே பெயரை வைத்துத் தேடுகிறவர் ஏமாந்துபோவார். எத்தனை இலக்கம், முன்னால் எழுத்து உண்டா, இலக்கங்கள் எப்படிப் பிரித்து அச்சிடப்பட்டுள்ளன என்று வடிவத்தை வைத்துத் தேடுவதே சரியான வழி. எண்ணைத் தேடுவதற்கு முன்னால் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏ-எண் என்பது ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தும் அதைத் தொடரும் 7, 8 அல்லது 9 இலக்கங்களும் சேர்ந்தது. ‘ஏ’ என்பது ‘ஏலியன்’ என்ற சொல்லின் முதலெழுத்து. 1940ஆம் ஆண்டின் அந்நியர் பதிவுச் சட்டப்படி, 14 வயது நிரம்பிய வெளிநாட்டவர் அனைவரும் தபால் நிலையங்களுக்குச் சென்று தங்களைப் பதிவுசெய்து கைரேகை கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பதிவுக்காகப் பிறந்த எண் இது. காதுக்கு இனிமையான பெயர் அல்ல என்றாலும், இன்றுவரை ஒருவருடைய குடிவரவுக் கோப்பு முழுவதும் இந்த எண்ணின் கீழ்தான் இருக்கிறது. கிரீன் கார்டைப் புதுப்பித்தாலும் எண் மாறாது. திருமணத்தால் பெயர் மாறினாலும் மாறாது. குடியுரிமை பெறும்போது தரப்படும் சான்றிதழிலும் இதே எண் இருக்கும்.

முதலில் செய்ய வேண்டியது, உங்களுக்கு ஏ-எண் உண்டா என்று தெளிவுபடுத்திக்கொள்வது. சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கும், படிக்க வந்து இன்னும் வேலை அனுமதி அட்டை வாங்காத எஃப்-1 மாணவர்களுக்கும், இந்தியாவிலிருந்து நேரடியாக ஹெச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் வந்து வேறெதற்கும் விண்ணப்பிக்காதவர்களுக்கும் பொதுவாக ஏ-எண் கிடையாது. இல்லாத எண்ணைத் தேடி ஒரு வாரத்தை வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். படிவத்தில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘இருந்தால்’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும்; அந்தச் சொல்லைப் படிக்காமல் விடுவதால் வரும் அலைச்சல் இது. இணையத்தில் நிரப்பும் படிவங்களில், ஏ-எண் இல்லை அல்லது தெரியாது என்று குறிக்க ஒரு சிறு பெட்டியே வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறுதான் அதிக ஆபத்தானது: எண் இருப்பதையே மறந்துவிடுவது. படிப்பு முடிந்ததும் ஓபிடி என்னும் பயிற்சிக் காலத்துக்காக வேலை அனுமதி அட்டை வாங்கிய ஒவ்வொருவருக்கும் அப்போதே ஏ-எண் வழங்கப்பட்டிருக்கும். கணவரின் அல்லது மனைவியின் ஹெச்-1பி வழியாக ஹெச்-4 தகுதியில் இருந்து வேலை அனுமதி வாங்கியவர்களுக்கும் அப்படியே. பத்து ஆண்டுகள் கழித்துக் கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவத்தை நிரப்பும்போது, காலாவதியாகி இழுப்பறையின் அடியில் கிடக்கும் அந்தப் பழைய அட்டை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எண் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். அலுவலகம் புதிதாக ஒன்றைக் கொடுத்துவிடக்கூடும். பிறகு ஒரே ஆளுக்கு இரண்டு கோப்புகள் ஆகிவிடும். இதற்காகவே அந்தப் படிவம், இதற்கு முன் வேறு ஏ-எண் ஏதேனும் உங்களுக்குத் தரப்பட்டதா என்று தனியாகக் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று குறிக்குமுன் பழைய அட்டைகளை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கிரீன் கார்டு கையில் இருப்பவர்களுக்கு வேலை எளிது. அட்டையின் முன்பக்கத்தில் பெயருக்குக் கீழே ‘யூஎஸ்சிஐஎஸ்’ என்ற எழுத்துகளும் அதையடுத்து எண்ணுக்கான குறியும் இருக்கும். அதன் கீழே மூன்று மூன்றாகப் பிரித்து அச்சிட்ட ஒன்பது இலக்கங்கள்தாம் ஏ-எண். முன்னால் ‘ஏ’ இருக்காது, நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலை அனுமதி அட்டையிலும் இதே பெயரில் இதே எண் இருக்கும். அச்சு தேய்ந்துபோயிருந்தாலோ, ஓர் இலக்கம் 3-ஆ 8-ஆ என்று ஐயம் வந்தாலோ கிரீன் கார்டைத் திருப்புங்கள். பின்பக்கத்தின் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த மூன்று வரிகள், இயந்திரம் படிப்பதற்காக அச்சிடப்பட்டிருக்கும். முதல் வரி ‘சி1யூஎஸ்ஏ’ என்ற எழுத்துகளோடு தொடங்கும். அதற்கு அடுத்த ஒன்பது இலக்கங்கள் ஏ-எண். பத்தாவதாக வருவது சரிபார்ப்பதற்கான இலக்கம், அதைச் சேர்க்கக்கூடாது. அதன்பின் வரும் மூன்று எழுத்துகளும் பத்து இலக்கங்களும் அந்த அட்டைக்கு அடிப்படையான விண்ணப்பத்தின் ரசீது எண். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

இந்தியாவிலிருந்து குடியேற்ற விசாவில் வருகிறவர்களுக்கு அட்டை கைக்கு வருமுன்பே எண் தேவைப்படுகிறது. சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் குடும்பத்தினரும் நேர்காணலுக்குப் பெரும்பாலும் மும்பைத் துணைத் தூதரகத்துக்குத்தான் போகிறார்கள். விசா ஒட்டப்பட்ட பாஸ்போர்ட் வந்ததும், பயணத்துக்கு முன் குடியேறுவோர் கட்டணத்தை இணையத்தில் செலுத்த வேண்டும். 2024 ஏப்ரல் முதல் அது 235 டாலர். செலுத்தும் பக்கம் இரண்டு எண்களைக் கேட்கும். ஒன்று ஏ-எண், மற்றொன்று வெளியுறவுத் துறையின் வழக்கு எண். இரண்டும் விசாவிலேயே இருக்கின்றன. ‘ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்’ என்று தலைப்பிட்டது ஏ-எண்; ‘ஐவி கேஸ் நம்பர்’ என்று தலைப்பிட்டது வழக்கு எண். மும்பை வழக்குகள் ‘பிஎம்பி’ என்ற மூன்று எழுத்துகளோடு தொடங்கும். அவற்றை அடுத்த நான்கு இலக்கங்கள் வழக்கு தொடங்கப்பட்ட ஆண்டைக் காட்டும்.

என் அம்மா வந்தபோது நானே இந்த இடத்தில் தடுக்கி விழுந்தேன். அவர் ஊரிலிருந்து அனுப்பிய விசாப் படத்தில் வலப்பக்கக் கீழ்மூலையில் சிவப்பு நிறத்தில் ஓர் எண் பளிச்சென்று தெரிந்தது; எட்டு எழுத்திலக்கங்கள் கொண்டது; அதுதான் முக்கியமானது என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்தேன். பக்கம் அதை ஏற்கவில்லை. தபால் நிலையத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா தொலைபேசியில், “பாஸ்புக்குல அச்சடிச்ச நம்பர் வேற, கணக்கு நம்பர் வேறப்பா. செவப்பா இருக்கிறது இந்தத் தாளோட நம்பரா இருக்கும். என் நம்பர் எது, அதைப் பாரு” என்றார். அவர் சொன்னதுதான் சரி. சிவப்பு எண் அந்த விசாத் தாளுக்கு உரியது. விசா ரத்தாகி வேறொன்று ஒட்டினால் அதுவும் மாறிவிடும். ஏ-எண் ஆளுக்கு உரியது. எந்த ஆவணத்தை எடுத்தாலும் இந்த எண் தாளுக்கா, விண்ணப்பத்துக்கா, ஆளுக்கா என்று அவர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

முன்பெல்லாம் நேர்காணல் முடிந்ததும் ‘திறக்காதீர்கள்’ என்ற எச்சரிக்கையோடு முத்திரையிட்ட உறை ஒன்றைக் கொடுப்பார்கள். அதன் மேல் ஒரு விவரத் தாளைப் பின்னடித்திருப்பார்கள். ஏ-எண் அதிலும் இருக்கும். உறையைப் பிரிக்காமல் அந்தத் தாளைப் படிக்கலாம். இப்போது பலருடைய ஆவணங்கள் மின்னணு முறையிலேயே போய்விடுவதால் உறையே கிடையாது. விசாவின் அடியில் அதற்கான குறிப்பு மட்டும் இருக்கும். உறை தரவில்லையே என்று பதற வேண்டியதில்லை. விமான நிலையத்தில் முத்திரை குத்திய பிறகு அந்த விசாவே ஓராண்டுக்குத் தற்காலிகக் கிரீன் கார்டாகச் செல்லும். அட்டை தபாலில் வரும்வரை ஏ-எண்ணைக் காட்டுவதற்கும் அதுவே போதும்.

அமெரிக்காவில் இருந்தபடியே ஐ-485 வழியாக விண்ணப்பிக்கிறவர்களுக்குக் குடியேற்ற விசாவும் இல்லை, கிரீன் கார்டும் இல்லை. அவர்கள் பார்க்க வேண்டியது ஐ-797 என்ற வரிசையில் வரும் அறிவிப்புக் கடிதங்களை. கடிதத்தின் மேல்பகுதியில் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். ரசீது எண், பெறப்பட்ட தேதி, விண்ணப்ப வகை, விண்ணப்பதாரரின் பெயர் ஆகியவற்றோடு ஏ-எண்ணுக்கும் ஓர் இடம் இருக்கும். முதல் ரசீதில் அந்த இடம் காலியாக இருந்தால், கைரேகை எடுக்க அழைக்கும் கடிதம் வரும்வரை பொறுத்திருங்கள், அதில் இருக்கும். வேலை வழங்குபவர் உங்களுக்காக முன்பே போட்ட ஐ-140 மனுவின் ஒப்புதல் கடிதத்திலும் சிலருக்கு ஏ-எண் அச்சாகியிருக்கும். அந்தக் கடிதம் நிறுவனத்துக்கும் வழக்கறிஞருக்கும் போகும் தாள் என்பதால் பலர் அதைக் கண்ணாலேயே பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். கடிதம் இருவரைப் பற்றியதாக இருந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மகன் தாய்க்காகப் போட்ட மனுவில் மகனுடைய எண்ணைத் தாயின் எண்ணாக எழுதிவிடுவது நடக்கிற காரியம்தான்.

அகதித் தஞ்சம் கோரியிருப்பவர்கள், ஈழத்திலிருந்து வந்தவர்கள் உட்பட, ஐ-589 விண்ணப்பத்துக்கு வரும் ரசீதுக் கடிதத்தில் தங்கள் ஏ-எண்ணைப் பார்க்கலாம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், ஆஜராகும்படி அழைக்கும் முதல் ஆவணத்தின் மேல்பகுதியில் ‘ஃபைல் நம்பர்’ என்ற இடத்தில் ‘ஏ’ என்ற எழுத்தோடு அது இருக்கும். அடுத்த விசாரணைத் தேதியை நீதிமன்றத்தின் தானியங்கித் தொலைபேசியிலும் இணையப் பக்கத்திலும் பார்ப்பதற்கு இந்த எண் வேண்டும். தேதி மாறியது தெரியாமல் ஒருவர் விசாரணைக்குச் செல்லாமல் விட்டால், அவர் இல்லாமலேயே நாடுகடத்தும் உத்தரவு பிறக்கக்கூடும். தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஒருவர் எங்கே இருக்கிறார் என்று உறவினர் தேடும்போதும் ஏ-எண்ணும் பிறந்த நாடும் இருந்தால் உடனே கண்டுபிடிக்கலாம். இந்த நிலையில் இருப்பவர்கள் எண்ணை நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமாவது எழுதிக் கொடுத்துவைக்க வேண்டும்.

இனி, ஏ-எண் போலவே நடிக்கும் எண்கள். இவற்றில் மோசமானது சோஷியல் செக்யூரிட்டி எண், ஏனெனில் அதுவும் ஒன்பது இலக்கம். கிரீன் கார்டில் இலக்கங்கள் மூன்று, மூன்று, மூன்று என்று பிரிந்திருக்கும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் மூன்று, இரண்டு, நான்கு என்று பிரிந்திருக்கும். மனப்பாடமாகத் தெரிந்த எண் அதுதான் என்பதால், அசந்த நேரத்தில் கை தானாக அதை எழுதிவிடும்.

ரசீது எண்ணில் மூன்று எழுத்துகளும் பத்து இலக்கங்களும், ஆக 13 இடங்கள் உண்டு. ‘ஐஓஇ’, ‘எல்ஐஎன்’, ‘டபிள்யூஏசி’, ‘இஏசி’, ‘எஸ்ஆர்சி’, ‘எம்எஸ்சி’ போன்ற எழுத்துகளோடு தொடங்கும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒன்று வரும். பத்து விண்ணப்பம் போட்டவருக்குப் பத்து ரசீது எண்கள் இருக்கும். விண்ணப்பத்தின் நிலையை இணையத்தில் பார்க்க இதுதான் வேண்டும், ஏ-எண் உதவாது. ‘ஐஓஇ’ என்பதில் நடுவில் இருப்பது ‘ஓ’ என்ற எழுத்து, பூஜ்யம் அல்ல. முதலில் இருப்பது ‘ஐ’, ஒன்று அல்ல. எண் செல்லாது என்று பக்கம் சொன்னால் முதலில் அந்த இரண்டு இடங்களைப் பாருங்கள்.

நாட்டுக்குள் நுழைந்ததைப் பதிவுசெய்யும் ஐ-94 எண்ணுக்கு 11 இடங்கள். முன்பு எல்லாமே இலக்கங்களாக இருந்தன. 2019 மே முதல் பத்தாவது இடத்தில் ஓர் எழுத்து வருகிறது. இது பாஸ்போர்ட்டில் இருக்காது. சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் விவரங்களைக் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். மாணவர்களுக்குக் கல்லூரி தரும் ஐ-20 தாளில் இருக்கும் செவிஸ் எண் (வெளிநாட்டு மாணவர் பதிவு எண்), ‘என்’ என்ற ஆங்கில எழுத்தும் பத்து இலக்கங்களும் கொண்டது. இவற்றைவிடச் சூதானமாக இருக்க வேண்டியது, படிவத்தில் ஏ-எண்ணுக்கு மிக அருகிலேயே கேட்கப்படும் ‘யூஎஸ்சிஐஎஸ் ஆன்லைன் அக்கவுண்ட் நம்பர்’. கிரீன் கார்டில் ‘யூஎஸ்சிஐஎஸ் நம்பர்’ என்று பார்த்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும். ஆன்லைன் கணக்கு எண்ணுக்கு 12 இலக்கங்கள். படிவத்தில் உள்ள பெட்டிகளை எண்ணினாலே எந்தக் கட்டம் எதற்கு என்று விளங்கிவிடும்.

குடியுரிமைச் சான்றிதழிலும் இதே சிக்கல் உண்டு. சான்றிதழின் எண் ஒன்று தனியாக இருக்கும். ‘ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்’ என்று ‘ஏ’யோடு வேறொன்று இருக்கும். ஏ-எண் இரண்டாவது.

எழுதும்போது கவனிக்க வேண்டியது பூஜ்யம். பழைய எண்கள் 7 அல்லது 8 இலக்கங்களோடு இருக்கும். படிவமோ 9 கேட்கும். ‘ஏ’ என்ற எழுத்துக்கு அடுத்து, இலக்கங்களுக்கு முன்னால், குறையும் அளவுக்குப் பூஜ்யம் சேர்க்க வேண்டும். ஏ 12345678 என்று இருந்தால் ஏ 012345678 என்று ஆகும். கடைசியில் பூஜ்யம் சேர்த்தால் அது வேறொருவருடைய எண்ணாகிவிடும். கட்டத்தில் ‘ஏ’ ஏற்கெனவே அச்சிடப்பட்டிருந்தால் மறுபடியும் எழுத வேண்டாம்.

வேலை செய்ய அனுமதி உண்டு என்று காட்டுவதற்காக வேலையில் சேரும் முதல் நாளில் நிரப்ப வேண்டிய ஐ-9 படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாக வந்தவர்களை மனிதவளப் பிரிவு அதிகம் குழப்புவது அங்கேதான். நிரந்தரவாசி என்று குறிப்பவர் ஏ-எண்ணை எழுத வேண்டும். ஹெச்-1பி போன்ற தற்காலிக அனுமதியில் வேலை செய்பவர் ஏ-எண், ஐ-94 எண், வழங்கிய நாட்டின் பெயரோடு பாஸ்போர்ட் எண் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எழுதினால் போதும். ஏ-எண் இல்லாததால் வேலையில் சேர முடியாது என்று யாராவது சொன்னால், அந்தப் படிவத்தின் வரிகளையே பணிவாகச் சுட்டிக்காட்டுங்கள்.

குடும்பமாக வந்தவர்கள் ஆளுக்கொரு எண்ணைத் தனித்தனியாகக் குறித்துவைக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி எண் உண்டு. ஒரே நாளில் விசா வாங்கிய குடும்பத்தில் எண்கள் கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடுவதும் உண்டு. அண்ணன் எண்ணைத் தங்கைக்கு எழுதினால் பார்ப்பவருக்குத் தவறு தெரியவே தெரியாது. பல ஆண்டுகள் கழித்துப் பெற்றோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது பிள்ளைகளுடைய எண்களும் தேவைப்படலாம்.

குறித்துவைப்பது என்று சொல்லும்போது, வாட்ஸ்அப் குழுவில் அட்டையைப் படம்பிடித்துப் போட்டு “இதில் ஏ-நம்பர் எது?” என்று கேட்பதைச் சொல்லவில்லை. பெயர், பிறந்த தேதி, ஏ-எண் மூன்றும் ஒரே படத்தில் இருப்பதால் அதை வைத்து மோசடிக்காரர் அலுவலகத்திலிருந்து பேசுவதுபோல நம்பும்படி பேச முடியும். கேட்டே ஆக வேண்டுமென்றால் இலக்கங்களை மறைத்து, தலைப்பு மட்டும் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். பதில் சொல்பவருக்கு அதுவே போதும்.

எல்லாத் தாள்களும் தொலைந்துவிட்டால் முதலில் உங்களுக்காக விண்ணப்பித்த வழக்கறிஞர் அலுவலகத்தைக் கேளுங்கள். முடிந்த வழக்கின் கோப்பையும் அவர்கள் சில ஆண்டுகள் வைத்திருப்பார்கள். பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் உங்கள் ஐ-9 படிவம் இருக்கலாம். விண்ணப்பத்தை இணையத்தில் போட்டிருந்தால், அந்தக் கணக்கில் சேமித்துள்ள கடிதங்களைத் திறந்து பாருங்கள். இவை எதுவும் கைகொடுக்காவிட்டால், தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் உங்கள் சொந்தக் குடிவரவுக் கோப்பின் நகலைக் குடியுரிமை, குடிவரவுச் சேவைத் துறையிடம் இணையத்தில் கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. ஏ-எண் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. முழுப் பெயர், இதுவரை பயன்படுத்திய வேறு பெயர்கள், பிறந்த தேதி, பிறந்த ஊர், பெற்றோர் பெயர், நாட்டுக்குள் நுழைந்த தேதி ஆகியவற்றைத் துல்லியமாகக் கொடுத்தால் அவர்களே தேடி எடுப்பார்கள். தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தால் ஒரே ஆள் மூன்று விதமான பெயர்களில் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. பாஸ்போர்ட்டில் இருந்தபடி, விசாவில் இருந்தபடி, பள்ளிச் சான்றிதழில் இருந்தபடி என்று எல்லா வடிவங்களையும் எழுதிவிடுங்கள்.